ஒன்பதாவது துணி

போர்வெனிரில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து
பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல நிற்கும்.
அங்கேதான் துணியால் ஒரு கொட்டகை கேட்டார்கள்,
இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றைப் பழுதுபார்க்க,
இரண்டு வருடத்தில் கழற்றி
கப்பலில் ஏற்றிக்கொண்டு போக.

பஞ்சு மாதிரி மண். தோண்டினால் தண்ணீர்.
இருபுறமும் கப்பல் பெட்டகங்களை வரிசையாக வைத்து
வயிற்றில் சரளைக்கல் நிரப்பச் சொன்னேன்.
அதன்மேல் பதினொரு அலுமினிய வளைவுகள்,
வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு துணி.

"துணிதானே, என்ன கனம்? இவ்வளவு கல் எதுக்கு?"
கிரேன் ஓட்டும் நொல்பெர்தோ கார்காமோ கேட்டார்.
கனம் இல்லாததுதான் சிக்கல் என்றேன்.
மற்ற கூரைகளுக்குக் கணக்குப் போடுவது விழாமலிருக்க.
இதற்குப் போட்டது பறக்காமலிருக்க.
வளைந்த முதுகு, மேலே விரையும் காற்று:
உள்ளே நிற்கப்போவதன் இறக்கைக்கும்
என் கூரைக்கும் ஒரே சூத்திரம்.
அது எழும்ப வேண்டும், இது கூடாது.

மறுநாள் பார்த்தால், கேட்காமலே
பெட்டகத்துக்கு இரண்டு வாளி
கூடுதலாகக் கொட்டியிருந்தார்.

வளைவுகள் நான்கு நாளில் நின்றுவிட்டன.
துணி ஏற்றவோ, காற்று
மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும்.
கையேட்டில் அந்த வரியை எழுதியவள் நான்தான்,
வால்டிவியாவில், ஜன்னல் சாத்திய அறையில்.

பதினொரு நாள் காத்திருந்தோம்.

அந்த எலும்புக்கூட்டுக்குள்
மிர்த்தா வ்ர்சலோவிச் இடது எஞ்சினைத் திறந்து வைத்திருந்தாள்.
கையுறை போட்டால் நட்டு பிடிபடாது,
கழற்றினால் விரலே பிடிபடாது.
ஐந்தாம் நாள் ஒரு சின்ன வாஷர் நழுவியது.
சத்தம்கூடக் கேட்கவில்லை.
அது எங்கே விழுந்தது என்று தெரியாமல்
எஞ்சினை மூட முடியாது.
காந்தமும் டார்ச்சுமாய் எட்டு பேர்
புல்லில் மண்டியிட்டோம், ஒரு மத்தியானம் முழுக்க.
ராத்திரி அவள் சட்டைக்கை மடிப்பில் இருந்தது.
என் கையேட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள், இருட்டு பிரியுமுன்
நொல்பெர்தோ கதவைத் தட்டினார்.
"கேளுங்க" என்றார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கொடிக்கயிறு கம்பத்தில் மோதவில்லை.

ஓடினோம்.
விளிம்புக்கு சோப்புத் தண்ணீர் தடவி
வளைவின் பள்ளத்தில் செருகி
பக்கத்துக்கு நாலு பேராய் இழுத்தோம்.
ஒன்று. இரண்டு. ஐந்து.
பேசினால் விழித்துக்கொள்ளும் என்பதுபோல
யாரும் வாய் திறக்கவில்லை.
எட்டு.
ஒன்பதாவது பாதி ஏறும்போது விழித்துக்கொண்டது.

துணி ஒரு முறை மூச்சு வாங்கியது.
நொல்பெர்தோவின் பூட்ஸ் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது.
"விடுங்க!" கத்தியது நான்தான்.
விட்டார்கள். அடித்தது, கிழிந்தது, தொங்கியது.
நின்றிருந்தவர்களை இரண்டு தடவை எண்ணினேன்.

வெள்ளைத் துணி உபரியாக இல்லை.
மீன் லாரியின் தார்ப்பாய் ஒன்று கிடைத்தது, அதே ரகம், நீலம்.
மிர்த்தா வெட்டி, சூடான காற்றால் ஒட்டினாள்,
எஞ்சினுக்குக் காட்டும் அதே பொறுமையோடு.
சால்மன் கம்பெனியின் பெயரில் பாதி
தலைகீழாகக் கூரையில் நின்றது.

இரண்டு வருடம் கழித்து
புவேர்ட்டோ வில்லியம்ஸுக்குப் போனது கொட்டகை.
கூடவே புது வெள்ளைத் துணி ஒன்றும் அனுப்பினேன்.
மிர்த்தாவிடமிருந்து பதில் வந்தது:

"உன் துணி பிரிக்காமல் இருக்கிறது.
இரண்டு மணிக்கு நீலம் வலது எஞ்சின்மேல் விழும்.
எண்ணெய்க் கசிவு அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்."

உண்மையா என்று சோதிக்க என்னிடம் கருவி இல்லை.
சால்மன் கம்பெனிக்கு போன் போட்டு
அந்த நீலத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி
வரைபடத்தில் எழுதினேன்,
ஒன்பதாவது துணிக்கு நேரே.